45ஆம் நாள் ஸ்கேனில் பை மட்டும் தெரிந்தால்: நாள் கணக்கும் ஸ்கேன் கணக்கும்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு பெண்களுக்கும் அது உதவும். திருமங்கலம் பக்கம் ஊர், அத்தை மகனைக் கட்டியிருக்கிறீர்கள், இது முதல் கர்ப்பம். கடைசியாக விலக்கானது ஜூன் 3. உங்களுக்கு எப்போதுமே 35 நாளுக்கு ஒரு முறைதான் வரும். 35ஆம் நாள் வீட்டில் அட்டையில் பார்த்தபோது கோடு வரவில்லை. 39ஆம் நாள் மங்கலாக வந்தது. ஜூலை 18 அன்று, அதாவது 45 நாளில், வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். "கர்ப்பப்பைக்குள் சாக் (கருவைச் சுற்றிய நீர்ப்பை) தெரிகிறது, 8 மி.மீ., கரு தெரியவில்லை, 2 வாரம் கழித்து வாருங்கள்" என்று ரிப்போர்ட். வீட்டிலோ, "ஒண்ணரை மாசமாச்சு, துடிப்பு வரலைன்னா கரு தங்கலைன்னுதான் அர்த்தம், மாத்திரையைப் போட்டுக் கலைச்சிரு" என்கிறார்கள். உங்கள் அத்தை, அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்குச் சூடு ஆகாது என்கிறார். மொத்தம் எத்தனை ஸ்கேன், எப்போது எடுப்பது, சொந்தத்தில் கட்டியதால் தனியாக ஏதும் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கரு தங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்த மாத்திரையும் போடாதீர்கள். நீங்கள் கொடுத்த விவரங்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த 8 மி.மீ. சாக் உங்கள் நாளுக்குச் சரியாகவே இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். மருத்துவத்தில் கர்ப்பத்தின் நாளைக் கரு உண்டான அன்றிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதற்கு ஏறத்தாழ 2 வாரம் கழித்துத்தான். ஆகவே "6 வாரக் கர்ப்பம்" என்றால் கருவின் உண்மையான வயது 4 வாரம். நம் ஊரில் பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று சொல்வது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும்: 28 நாள் கொண்ட பத்து மாதம், 280 நாள். ஆங்கில மாதத்தில் அதுவே 9 மாதமும் 7 நாளும்.

இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்காகப் போட்டது. முட்டை வெளியாவது அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சியில் அது 14ஆம் நாள் நடக்கும். உங்களுக்கு 35 நாள் என்பதால் 21ஆம் நாள், அதாவது ஜூன் 24 வாக்கில் நடந்திருக்கும். ஆகவே கணக்கை ஒரு வாரம் தள்ளி, ஜூன் 10 அன்று விலக்கானதாக வைத்துத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் ஜூலை 18 அன்று உங்களுக்கு 45 நாள் ஆகவில்லை, 38 நாள்தான் ஆகியிருந்தது: 5 வாரம் 3 நாள். சாக்கின் சராசரி அளவை மி.மீ.யில் எடுத்து 30 கூட்டினால் கர்ப்பத்தின் நாள் ஏறத்தாழ வரும் என்று ஸ்கேன் அறையில் ஒரு கைக்கணக்கு உண்டு. 8 உடன் 30 சேர்த்தால் 38. 35ஆம் நாள் கோடு வராமல் 39ஆம் நாள் மங்கலாக வந்ததும் இதற்குச் சாட்சி. 35ஆம் நாளுக்குச் சில நாள் முன்புதான் கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும்; சிறுநீரில் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ஏற இன்னும் சில நாள் வேண்டியிருந்தது.

இந்தத் தேதி விஷயத்தில் நம் பக்கம் அடிக்கடி நடக்கிற ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். "எப்ப குளிச்சீங்க?" என்று கேட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளைப் பதிவில் எழுதிவிடுவார்கள். பல வீடுகளில் அது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. கணக்குக்கு வேண்டியது உதிரம் பட்ட முதல் நாள். தேதி நினைவில்லை என்றால் பக்கத்தில் நடந்த ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கியதற்கு இரண்டு நாள் முன்பு, கொழுந்தனார் கல்யாணத்துக்கு மறுநாள் என்று யாருக்கும் ஏதாவது ஒன்று நினைவிருக்கும். நாள்காட்டியை வைத்து அதைத் தேதியாக மாற்றிக்கொள்ளலாம். தோராயமாக "மாசக் கடைசி" என்று எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி, எந்த நாளில் எது தெரியும் என்பது. கர்ப்பப்பைக்குள் முதலில் தெரிவது ஒரு சின்னக் கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு. அதுதான் சாக், கருவைச் சுற்றிய நீர்ப்பை. உள் ஸ்கேனில், அதாவது டி.வி.எஸ். ஸ்கேனில், நாலரை முதல் 5 வாரத்துக்குள் அது தெரியும். 5½ வாரம் வாக்கில் அந்தக் கறுப்புக்குள் ஒரு சின்ன மோதிரம்போல வெள்ளை வளையம் வரும்; அது யோக் சாக். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, தயாராகும் வரை கருவுக்கு ஆதரவாக இருப்பது அது. 6 வாரம் வாக்கில் அந்த வளையத்தை ஒட்டி, அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைத் துணுக்கு. அதன் நடுவில் மினுக்கு மினுக்கென்று ஒரு அசைவு. அதுதான் இதயத் துடிப்பு. இதயம் அடிக்கத் தொடங்குவது கரு உண்டாகி ஏறத்தாழ 22ஆம் நாள். அது கண்ணுக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆகும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 115 வரை இருக்கும், 9 வாரம் வாக்கில் 170ஐத் தொடும், பிறகு மெல்ல இறங்கி 110க்கும் 160க்கும் இடையில் நிற்கும். 6ஆம் வாரத்தில் 105 என்று எழுதியிருப்பதைப் பார்த்து "துடிப்பு கம்மி" என்று பயப்பட வேண்டாம் என்பதற்காகவே இந்த எண்களைச் சொல்கிறேன்.

மேலே சொன்ன நாட்கள் எல்லாம் உள் ஸ்கேனுக்கு. வயிற்றின் மேல் வைக்கும் ப்ரோப், அதாவது ஒலி அனுப்பும் கருவி, ஆழமாகப் பார்க்க வேண்டியிருப்பதால் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் வேலை செய்கிறது. உள்ளே வைப்பது கர்ப்பப்பைக்கு மிக அருகில் இருப்பதால் 5 முதல் 9 வரை போகலாம். அலைவரிசை கூடக்கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். அதனால் மேல் ஸ்கேனில் எல்லாமே ஏறத்தாழ ஒரு வாரம் பிந்தித் தெரியும். உங்களுக்கு எடுத்தது மேல் ஸ்கேன், நாளோ 38. யோக் சாக்கோ கருவோ தெரியாததில் வியப்பில்லை.

அடுத்த முறை உள் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். ப்ரோப் இரண்டு விரல் தடிமன் இருக்கும். உறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்பின் வழியில் மட்டும் வைப்பார்கள். கர்ப்பப்பை வாய்க்குள் போகாது, கருவைத் தொடாது, கலைக்காது. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றும், துணைக்குச் செவிலியர் இருக்க வேண்டும் என்றும் நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை. உள் ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். ஆரம்ப வாரங்களில் மேல் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரம் முன்பே மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து அடக்கியிருக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, ஒலிக்கு வழி விடும்.

எப்போதுதான் "தங்கவில்லை" என்று முடிவு செய்யலாம்? அதற்குக் கறாரான அளவுகள் இருக்கின்றன, எல்லாம் உள் ஸ்கேனுக்கு. கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை என்றால். சாக்கின் சராசரி 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் உள்ளே கரு இல்லை என்றால். யோக் சாக் இல்லாத சாக்கைப் பார்த்து 14 நாள் கழித்தும் துடிப்புள்ள கரு வரவில்லை என்றால். யோக் சாக் இருந்த சாக்கைப் பார்த்து 11 நாள் கழித்தும் வரவில்லை என்றால். அளவு எடுக்கிற கைக்குக் கை ஒன்றிரண்டு மி.மீ. மாறும், அந்த மாறுதலில் ஓர் உயிருள்ள கரு தவறிப்போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவு தாராளமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவர் 2 வாரம் என்று சொன்னதும் இந்தக் கணக்கில்தான், தட்டிக்கழிக்கவில்லை. 14 நாள் கழித்து ஆகஸ்ட் 1 அன்று உங்களுக்கு 7 வாரம் 3 நாள். எல்லாம் சரியாக இருந்தால் 10 முதல் 12 மி.மீ. நீளத்தில் ஒரு கருவும் அதில் துடிப்பும் உள் ஸ்கேனில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

தெரியாமலும் போகலாம். மறைக்காமல் சொல்கிறேன்: உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் பிறழ்வு. அது கரு உண்டான அன்றே நடந்துவிட்ட விஷயம். பஸ்ஸில் போனதாலோ, குடம் தூக்கியதாலோ, இரண்டு துண்டு பப்பாளிப் பழம் தின்றதாலோ வருவதில்லை. அப்படி ஆகிவிட்டால் உங்கள் மீது யாரும் பழி சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

இந்த 2 வாரமும் ஒரு ஆபத்தை மட்டும் கண் வைத்துக் கவனிக்க வேண்டும்: கரு கருக்குழாயில் தங்குவது. யோக் சாக் இன்னும் தெரியாத சாக் கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. குழாயில் கரு இருக்கும்போதும் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் நீர் தேங்கிச் சாக் மாதிரியே காட்டும். பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டிக்கொண்டு தலைசுற்றல், கூடவே உதிரப்போக்கு என்று எது வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து, மகப்பேறு அறுவைச் சிகிச்சையும் இரத்த வங்கியும் இருக்கிற இடத்துக்குப் போங்கள். மதுரையில் அது நம் பெரியாஸ்பத்திரி, அரசு இராசாசி மருத்துவமனை. சந்தேகம் இருந்தால் மருத்துவர் பீட்டா ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார். தொடக்க அளவு 1,500க்குக் கீழே இருந்தால், நல்ல கர்ப்பத்தில் அது 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதமாவது ஏறும். ஒரே ஒரு முறை எடுத்த எண் தனியாக எதையும் சொல்லாது.

மருந்துக்கடையில் வாங்கிக் கலைப்பு மாத்திரை போடுவது ஏன் இவ்வளவு ஆபத்து என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அந்த மாத்திரை கர்ப்பப்பையில் இருக்கும் கருவை மட்டுமே வெளியேற்றும். குழாயில் இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. உதிரம் பட்டதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று வீட்டில் இருப்பார்கள், உள்ளே குழாய் வெடிக்கும். கர்ப்பப்பையிலேயே இருந்தால், நாள் கணக்குத் தப்பிப்போனதற்காக ஒரு நல்ல கர்ப்பத்தைக் கலைத்ததாகிவிடும்.

ஆகஸ்ட் 1 ஸ்கேனில் துடிப்பு தெரிந்துவிட்டால், அந்த ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும்விட மதிப்பான எண் ஒன்று இருக்கும்: சி.ஆர்.எல். கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளம், மி.மீ.யில். கால் மடங்கியே இருப்பதால் அதைச் சேர்ப்பதில்லை. கரு பக்கவாட்டில் முழு நீளமும் தெரியும்படி படத்தை நிறுத்தி, ஒரு புள்ளியைத் தலை நுனியிலும் மறு புள்ளியைப் பிட்ட நுனியிலும் வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் யோக் சாக்கையும் சேர்த்து அளந்துவிட்டால் எண் கூடிப்போகும், கரு குனிந்திருந்தால் குறைந்துபோகும். அதனால் இரண்டு மூன்று முறை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம். ஆரம்ப வாரங்களில் சி.ஆர்.எல். எண்ணோடு 42 கூட்டினால் கர்ப்பத்தின் நாள் ஏறத்தாழ வரும். 18 மி.மீ. என்றால் 60 நாள், 8 வாரம் 4 நாள்.

இந்த எண்ணை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் 12 வாரத்தில் எல்லாக் கருவும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வளரும். அப்பா உயரமா, அம்மா ஒல்லியா என்பதெல்லாம் அப்போது கணக்கில் வராது. அதனால் ஆரம்ப ஸ்கேன் நாலைந்து நாள் பிசகுக்குள் தேதியைக் கொடுத்துவிடும். விலக்குத் தேதிக்கும் சி.ஆர்.எல். தேதிக்கும் உள்ள வித்தியாசம் 9 வாரத்துக்குள் 5 நாளுக்கு மேலோ, 9 முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேலோ போனால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வார்கள். ஒரு முறை அப்படி முடிவான பிரசவத் தேதியை அதன் பிறகு எந்த ஸ்கேனும் மாற்றக் கூடாது. எட்டாம் மாதத்தில் குழந்தைக்குக் குழந்தை அளவு மாறும். அப்போது மிஷின் போடும் தேதி மூன்று வாரம் வரை இப்படியும் அப்படியும் போகும். "முதல் ஸ்கேனில் மார்ச் 17, இப்போது மார்ச் 30 போட்டிருக்கிறது, எது சரி?" என்று பலரும் குழம்புவது இங்கேதான். சரியானது முதல் தேதிதான். பிந்திய தேதியை நம்பினால், வளர்ச்சி குன்றிய குழந்தையை "நாள் கம்மி" என்று விட்டுவிடுவோம். அல்லது நாள் கடந்த குழந்தைக்குக் காத்துக்கொண்டே இருப்போம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிரசவம் வரை கூடவே வைத்திருங்கள். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஃபோலிக் அமில மாத்திரை. மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள், அதாவது 6ஆம் வாரக் கணக்கில் மூடிக்கொள்ளும். உங்கள் கணக்கில் 42ஆம் நாள், ஜூலை 22. நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். கடையில் பரவலாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. மருத்துவர் அதையே எழுதியிருந்தால் பயம் வேண்டாம். சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு தண்டுவடக் குறையோடு ஒரு குழந்தை என்று இருப்பவர்களுக்கு அந்த 5 மில்லிகிராம்தான் சரி. இரும்புச்சத்து மாத்திரை நாலாம் மாதத்திலிருந்து.

10 வாரம் ஆகும்போது கை கால் விரல்கள் பிரிந்து, உறுப்புகளின் அடிப்படை வடிவம் முடிந்திருக்கும். நீளம் ஏறத்தாழ 32 மி.மீ. அப்போதே எல்லாக் குறையும் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 8 முதல் 12 வாரம் வரை குழந்தையின் குடலில் ஒரு பகுதி வயிற்றில் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் தங்கியிருந்து, பிறகு உள்ளே போகும். 10ஆம் வாரத்தில் பார்த்துவிட்டு "குடல் வெளியே இருக்கிறது" என்றால் அது இயல்புதான். மண்டை ஓட்டு எலும்பு கெட்டியாகித் தெரிவதும் 11 வாரம் வாக்கில்தான். இரண்டாவது ஸ்கேனை 11 வாரத்துக்கு முன்னால் வைக்காததற்கு இவையெல்லாம் காரணம்.

அந்த இரண்டாவது ஸ்கேன்தான் என்.டி. ஸ்கேன். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, சி.ஆர்.எல். 45க்கும் 84 மி.மீ.க்கும் இடையில் இருக்கும்போது. குழந்தையின் பிடரித் தோலுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடாக நிற்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். குழந்தை மல்லாந்து, கழுத்தை அண்ணாக்காமலும் குனியாமலும் படுத்திருக்க வேண்டும். தலையும் நெஞ்சும் திரை முழுவதும் நிறையும்படி படத்தைப் பெரிதாக்கி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். குழந்தை குப்புறக் கிடந்தால், "கொஞ்சம் இருமுங்க", "வெளியே போய் நடந்துட்டு வாங்க" என்பார்கள். அரை மணி நேரம் ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள். 3.5 மி.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால் குரோமோசோம் பிறழ்வோ இதயக் குறையோ இருக்கும் வாய்ப்பு கூடும் என்று பொருள். இருக்கிறது என்று பொருள் இல்லை. மூக்கு எலும்பு, கை கால்கள், வயிறு, சிறுநீர்ப்பை எல்லாம் இதே ஸ்கேனில் ஒரு முறை பார்த்துவிடலாம்.

இதோடு டபுள் மார்க்கர் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்தால் குரோமோசோம் பிறழ்வால் மனவளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் நோய்க்கான வாய்ப்பு 1,000இல் 1, 150இல் 1 என்று விகிதமாக வரும். 150இல் 1 என்றால் அதே எண் உள்ள 150 பேரில் 149 பேருக்கு டவுன் குழந்தை இல்லை. விகிதம் கூடுதலாக இருந்தால் 10 வாரத்துக்கு மேல் தாயின் இரத்தத்தில் எடுக்கும் என்.ஐ.பி.டி. ஒரு வழி, உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் நஞ்சிலிருந்து துணுக்கு எடுப்பதோ, 15 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுப்பதோதான். உங்கள் நாளைத் தப்பாகக் கொடுத்தால் இந்த விகிதமும் தப்பாகும், ஏனென்றால் இரத்தத்தில் உள்ள அளவை அந்தந்த வாரத்தின் இயல்பு அளவோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றி. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 100க்கு 2 அல்லது 3. அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. தாய்மாமனையே கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். காரணம் எளிது: ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த, அமுங்கிக் கிடக்கிற ஒரு கோளாறு மரபணு இருவரிடமும் இருக்கலாம்; இரண்டும் குழந்தையில் சேரும்போதுதான் நோயாக வெளிப்படும். இரு மடங்கு என்றாலும் 100க்கு 94 பேருக்கு மேல் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள், கலங்க வேண்டாம். செய்ய வேண்டியது, இரண்டு வீட்டிலும் சின்ன வயதில் இறந்த குழந்தை, காது கேளாமை, தசை பலவீனம், மனவளர்ச்சிக் குறை, அடிக்கடி இரத்தம் ஏற்றியவர் என்று யாரும் இருந்தார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவது. உங்கள் அத்தைதான் இரண்டு பக்கத்துக்கும் உறவு. அவரைவிட நன்றாக அதைச் சொல்ல ஆளில்லை. இந்த மரபு நோய்களில் பலவும் ஸ்கேனில் தெரியாது, உருவத்தில் மாற்றம் இருக்காது. குடும்பத்தில் ஒரு பெயர் தெரிந்தால்தான் எந்த மரபணுப் பரிசோதனை என்று மருத்துவர் தேட முடியும்.

மூன்றாவது, அஞ்சாம் மாத ஸ்கேன் என்று நாம் சொல்லும் அனாமலி ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள். மூளையின் அறைகள், சிறுமூளையின் வடிவம், உதடு, முதுகெலும்பு கழுத்திலிருந்து வால் எலும்பு வரை, இதயத்தின் நான்கு அறைகளும் வெளியே போகும் இரண்டு பெருங்குழாய்களும், இரைப்பை, இரண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கை கால் எலும்புகள், தொப்புள்கொடியின் மூன்று இரத்தக் குழாய்கள், நஞ்சு இருக்கும் இடம், கர்ப்பப்பை வாயின் நீளம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வாய் நீளம் 25 மி.மீ.க்குக் குறைந்தால் முன்கூட்டியே பிரசவமாகும் ஆபத்து உண்டு, சிகிச்சையும் உண்டு. "நஞ்சு கீழே இருக்கிறது" என்று இந்த மாதத்தில் எழுதினால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும், 32 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று தனியாக ஒன்று மட்டும் எழுதியிருந்து மற்ற எல்லாம் சரியாக இருந்தால், அது பெரும்பாலும் தானே மறையும்.

இந்த ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர் கருத்து வேண்டும். அதற்கு மேல் கடுமையான குறை என்றால் மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். 23ஆம் வாரம் போய் முதல் முறையாக ஒரு குறையைக் கண்டால், குழந்தை இதய மருத்துவரைப் பார்க்கவோ, நீர்ப் பரிசோதனை முடிவு வரவோ நாள் இருக்காது. திருத்தக்கூடிய இதயக் குறை என்றாலும், எங்கே பிரசவம் பார்ப்பது என்று திட்டமிட நேரம் வேண்டும்.

இதற்குப் பிறகு 32, 36 வாரம் வாக்கில் வளர்ச்சியும் நீரும் பார்க்கும் ஸ்கேன்கள். எடை மதிப்பீட்டில் 10 முதல் 15 சதவீதம் பிசகு சகஜம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை இருந்தால் இன்னும் சில கூடும். மற்றபடி மாதாமாதம் எடுக்கத் தேவையில்லை.

அத்தை சொல்லும் சூடு: ஸ்கேன் என்பது எக்ஸ்ரே இல்லை, கதிர்வீச்சு இல்லை. காது கேட்க முடியாத அளவு உயர்ந்த ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் குழந்தைக்குக் கேடு வந்ததாக இத்தனை காலத்தில் நிரூபணம் இல்லை. ஆனால் அவர் பேச்சில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. ஒலியைக் கேட்க வைக்கும் டாப்ளர், ஒரே இடத்தில் அதிக ஆற்றலைக் குவிக்கும். திசு கொஞ்சம் சூடாகும். அதனால் முதல் மூன்று மாதத்தில் துடிப்பைச் சத்தமில்லாமல், அசைவைக் கோடாகக் காட்டும் எம்-மோடில் எண்ணுவதே முறை. "துடிப்புச் சத்தத்தைக் கேட்கணும், போடுங்க" என்று 7ஆம் வாரத்தில் கேட்காதீர்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். ஃபார்ம் எஃப் என்ற படிவத்தை நிரப்பி, குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று கையெழுத்து வாங்குவார்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்; சிறைத் தண்டனை உண்டு. பெண் சிசுக்கொலையால் உசிலம்பட்டியின் பெயர் நாடு முழுக்க அடிபட்ட மாவட்டம் நம்முடையது. அந்தப் படிவத்தை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காமல், கூட வரும் மாமனார் மாமியார் யாரும் ஜாடைமாடையாகக் கூடக் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்த வாரமே பதிந்து, பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய்க்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த எண் வேண்டும். பதியும்போது விலக்கான தேதி ஜூன் 3 என்றும், சுழற்சி 35 நாள் என்றும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதை அவர்களாகக் கேட்காமல் விட்டுவிடலாம். இரத்த வகையையும் அப்போதே பாருங்கள்: நெகட்டிவ் என்றால் ஏழாம் மாதத்தில் ஆன்டி-டி ஊசி உண்டு, இடையில் உதிரம் பட்டாலும் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 1 ஸ்கேன் ஜூன் 10 கணக்கை உறுதி செய்தால் உங்கள் நாட்கள் இப்படி வரும். என்.டி. ஸ்கேனுக்கு ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 15 வரை. செப்டம்பர் முதல் வாரத்தில் எடுப்பது தோது, குழந்தை சரியாகப் படுக்காவிட்டால் இன்னொரு முறை போக நாள் மிச்சமிருக்கும். அனாமலி ஸ்கேனுக்கு அக்டோபர் 14 முதல் 28 வரை. தீபாவளி நெருக்கம், கூட்டம், லீவு என்று அது நவம்பருக்குப் போய்விடும். செப்டம்பரிலேயே தேதி வாங்கிவிடுங்கள். 24 வாரம் முடிவது நவம்பர் 25. பிரசவத் தேதி மார்ச் 17. சி.ஆர்.எல். வேறு நாள் சொன்னால், இவை எல்லாவற்றையும் அத்தனை நாள் முன்னோ பின்னோ தள்ளிக்கொள்ளுங்கள்.